டயர் பெரிதானால் ஆக்சில் கியரையும் மாற்ற வேண்டுமா? காக்கி புக்கிட்டுக்கு வந்த ஒரு பிக்கப்

வண்டி உள்ளே நுழையும்போதே கிளட்ச் கருகிய வாசம் வந்துவிட்டது. எங்கள் வர்க்‌ஷாப் சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் மூன்றாவது மாடியில் இருக்கிறது. ஏறி வரும் சாய்தளம் ஒன்றும் பெரிய மலை இல்லை. நேற்று லைசன்ஸ் எடுத்தவர்கூட இரண்டாவது கியரில் ஏற்றிவிடுவார். இந்தப் பிக்கப்பை ஓட்டி வந்தவரோ, அது புதிதாக வந்த நாளிலிருந்து அதை மட்டுமே ஓட்டுகிறவர். ஊர் புதுக்கோட்டைப் பக்கம், வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும், என்னைத் தம்பி என்பார்.

“என்ன அண்ணே, பின்னால் லோடா?”

“காலி வண்டி தம்பி. காலையில புக்கிட் தீமாவுல பட்ட பாடு, வாசம் இன்னும் போகல.”

வண்டிக்குச் சொந்தக்காரர் எனக்கு அம்மா வழியில் மாமா முறை. லேண்ட்ஸ்கேப்பிங் கம்பெனி வைத்திருக்கிறார். சுங்கை தெங்கா நர்சரிகளில் மண்ணும் செடியும் ஏற்றி, கண்டோக்களில் (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்புகளில்) இறக்குவதுதான் வாரத்தில் ஆறு நாளும் இந்த வண்டிக்கு வேலை. ஏழாவது நாள் அவர் மகனுக்கு. அவன் வருடத்தில் மூன்று நான்கு முறை நண்பர்களோடு ஜொகூர் போய், செம்பனைத் தோட்டத்துச் சேற்றுப் பாதைகளில் வண்டியை உருட்டிவிட்டு வருவான். சிங்கப்பூரில் அதற்கு இடம் ஏது?

அந்தச் சேற்றுக்காகத்தான் போன ஆண்டுக் கடைசியில் டயரை மாற்றினான். அதற்குப் பிறகுதான் வண்டி இழுக்கவில்லை, டீசல் குடிக்கிறது, கிளட்ச் கருகுகிறது என்று ஆரம்பித்தது. அவனே விசாரித்து அவனே முடிவும் செய்துவிட்டு வந்திருந்தான். “அண்ணே, டயர் பெருசாயிடுச்சு, அதனால ஆக்சில் கியர் பத்தல. 4.556 போட்டுட்டா சரியாயிடும். போடும்போதே 285 டயருக்கும் போயிடலாம்.” இந்த எண், சக்கரம் ஒரு சுற்று சுற்ற கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்கு வரும் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதைச் சொல்வது. எண் கூடினால் இழுவை கூடும்.

மாமா பக்கத்தில் நின்று, “நீ சொல்லுப்பா, செய்யணும்னா செஞ்சிடலாம்” என்றார். இரண்டு ஆக்சிலுக்கும் சேர்த்து அவர்களுக்கு வேறோர் இடத்தில் சொல்லியிருந்த விலை நான்காயிரம் வெள்ளிக்குக் கொஞ்சம் கீழே. சிஓஇ (வண்டி வைத்து ஓட்டுவதற்கான உரிமைச் சான்றிதழ்) முடிய இன்னும் இரண்டு வருடம் நான்கு மாதம்தான் இருந்தது. அந்தக் கணக்கை நான் அப்போதே மனதில் போட்டுவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்கள்

வண்டி ஜப்பானிய டபுள் கேப். 2.5 லிட்டர் டர்போ டீசல், ஐந்து கியர் மேனுவல், தேவைப்பட்டால் மட்டும் முன் சக்கரத்தையும் சேர்த்துக்கொள்ளும் வகை. கம்பெனியிலிருந்து வந்த டயர் 245/70 ஆர்16. மகன் போட்டது 265/75 ஆர்16.

பார்க்கிறவர்கள் 245, 265 என்ற எண்ணைத்தான் பார்ப்பார்கள். இருபது மி.மீ. அகலம் கூடினால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று தோன்றும். உயரம் ஒளிந்திருப்பது அந்த 70, 75 இல்தான். 245இல் 70 சதவீதம் 171.5 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர் 343. நடுவில் 16 அங்குல ரிம், அதாவது 406.4. மொத்தம் 749.4 மி.மீ. இதே கணக்கைப் புது டயருக்குப் போட்டால் 803.9. அகலத்தில் இருபது கூட்டியவர், உயரத்தில் 54.5 மி.மீ. கூட்டியிருக்கிறார். சதவீதத்தில் 7.3.

சக்கரம் ஒரு சுற்றுக்கு 7.3 சதவீதம் கூடுதல் தூரம் போகிறது என்றால், இழுவையில் கிட்டத்தட்ட அதே அளவு போய்விடும். ஆக்சிலில் 4.100 என்றிருந்த விகிதம், தரையில் பார்த்தால் 3.822 போல் நடந்துகொள்ளும். மகன் கேட்ட 285/75 ஆர்16இன் உயரம் 833.9 மி.மீ., பழையதைவிட 11.3 சதவீதம் அதிகம். 4.100 ஐ 11.3 சதவீதம் கூட்டினால் 4.562. கடையில் கிடைக்கும் பல்சக்கரம் 4.556. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் கணக்கு கையில் கிடைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது? அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் வண்டியில் இருப்பது 4.100தானா என்று யாரும் பார்த்திருக்கவில்லை. கதவுத் தூணில் இருக்கும் தகட்டில் ஆக்சில் குறியீடு துருவில் மறைந்திருந்தது. சரி, எண்ணிப் பார்த்துவிடலாம் என்று ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினேன். மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டாயிற்று. டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் ஒரு கோடு. ஆக்சிலின் நடுவில் இருக்கும் டிஃப்பில் (டிஃபரென்ஷியல்) ஒரு பக்கச் சக்கரம் தரையில் நிற்க மற்றதை மட்டும் சுற்றினால், உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீல் பாதிதான் சுற்றும். எனவே டயரை இருபது சுற்று சுற்றினால் கிரவுன் வீல் பத்துச் சுற்று. டிரைவர் அண்ணன் டயரைச் சுற்ற, நான் கீழே படுத்து ஷாஃப்ட்டை எண்ணினேன். நாற்பத்தொன்று. கோடு கிளம்பிய இடத்திலேயே வந்து நின்றது. ஷாஃப்ட் முனையில் இருக்கும் சிறிய பல்சக்கரமான பினியனில் 10 பல், கிரவுனில் 41. 4.100 தான். மகனுக்கு இது பிடித்துவிட்டது, போனில் படம் எடுத்துக்கொண்டான்.

பத்து மூட்டை

7.3 சதவீதம் என்று சொன்னால் யாருக்கும் உறைக்காது. நான் அதை டிரைவர் அண்ணனுக்கு மண் மூட்டையாக மாற்றிச் சொன்னேன்.

வண்டியின் எடை ஏறக்குறைய 1,900 கிலோ. வழக்கமான லோடு 20 கிலோ மூட்டை நாற்பது, அதாவது 800 கிலோ. மொத்தம் 2,700. மேட்டில் ஏறும்போது வண்டியைப் பின்னுக்கு இழுப்பது அதன் எடைதான். இழுவை அந்த அளவுக்குக் குறைவதும், எடை 7.3 சதவீதம் கூடுவதும் ஏற்றத்தில் ஒன்றுதான். 2,700இல் 7.3 சதவீதம் 197 கிலோ. கிட்டத்தட்ட பத்து மூட்டை.

“அதாவது அண்ணே, பழைய டயரில் நாற்பதுக்குப் பதில் ஐம்பது மூட்டை ஏற்றினால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இப்போது நாற்பதில் இருக்கணும்.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு மாமா பக்கம் பார்க்காமல், மெதுவாகச் சொன்னார்: “ஐம்பதெல்லாம் எத்தனையோ தடவை ஏத்தியிருக்கோம் தம்பி. அதே கண்டோ, அதே பேஸ்மென்ட். கஷ்டப்படும், ஆனா ஏறிடும். இப்ப முப்பதுக்கே நாறுது.”

மாமா இருமினார். அதிக லோடு ஏற்றிய விஷயத்தை நான் காதில் வாங்காத மாதிரி இருந்துவிட்டேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. டயர் திருடியது பத்து மூட்டைக்கான இழுவை. வண்டி இழந்திருப்பதோ அதைவிட அதிகம். மிச்சம் வேறு எங்கோ போகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் ஆக்சிலைத் திறந்து 4.556 போட்டிருந்தால் வண்டி கொஞ்சம் தேறியிருக்கும். எல்லோரும் ‘பார்த்தாயா, கியர்தான்’ என்றிருப்பார்கள், உள்ளே இருக்கும் நோய் அப்படியே இருந்திருக்கும். இந்தத் தொழிலில் எனக்குப் பயமே இப்படிப் பாதி குணமாகிற வைத்தியத்தைப் பார்த்துத்தான்.

டீசல் நோட்டு

டிரைவர் அண்ணனிடம் ஒரு நல்ல பழக்கம். ஒவ்வொரு முறை டீசல் போடும்போதும் கிலோமீட்டரையும் லிட்டரையும் ஒரு சின்ன நோட்டில் எழுதிவைப்பார், பெரும்பாலும் ஒரே பங்கில்தான் நிரப்புவார். டயர் மாற்றுவதற்கு முன் மூன்று மாதச் சராசரி லிட்டருக்கு 10.2 கி.மீ. மாற்றிய பிறகு 9.0. கிட்டத்தட்ட 12 சதவீதம் இறக்கம். மாமாவின் கோபமெல்லாம் இந்த எண்ணில்தான் இருந்தது.

ஆனால் இந்த 9.0 பொய். இந்த வண்டியில் கிலோமீட்டர் எண்ணும் சென்சார் கியர்பாக்ஸின் வாலில் இருக்கிறது. அதற்கு ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியது என்பதுதான் தெரியும், டயர் வளர்ந்தது தெரியாது. மீட்டர் 100 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 107.3 போயிருக்கிறது. சரிசெய்தால் 9.0 என்பது 9.65 ஆகிவிடும். உண்மையான இறக்கம் 5.4 சதவீதம்தான். பெரிய டயர் போட்டு ‘மைலேஜ் போச்சு’ என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் இந்த ஒரு பெருக்கலைச் செய்து பார்த்திருக்க மாட்டார்கள்.

வேகமுள்ளும் இதே கதைதான். பொதுவாக வேகமானி உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டக் கூடாது என்பது அதற்கான ஐ.நா. விதி. இந்த வண்டியில் பழைய டயரோடு 70 காட்டும்போது ஜிபிஎஸ்ஸில் 66 வந்ததாக மகன் சொன்னான். பெரிய டயரோடு நாங்கள் தீவு விரைவுச்சாலையில் ஓட்டிப் பார்த்தோம். 70 காட்டும்போது 71 ஐத் தொட்டும் தொடாமலும் ஓடியது. இலகு சரக்கு வாகனத்துக்கு விரைவுச்சாலையில் 70தான் எல்லை. வண்டியின் பின்னாலேயே வட்டத்தில் ஒட்டியிருக்கிறது. முள்ளை நம்பி ஓட்டும் மனுஷன் தன்னை அறியாமல் எல்லையைத் தாண்டுகிறார்.

இங்கே ஒரு நுணுக்கம். சென்சார் கியர்பாக்ஸில் இருந்தால், ஆக்சில் விகிதத்தை டயருக்கு ஏற்ப மாற்றும்போது மீட்டரும் தானாகச் சரியாகிவிடும். சக்கரத்திலிருந்து வேகத்தை எடுக்கும் வண்டிகளில் எந்தக் கியர் போட்டாலும் மீட்டர் திருந்தாது. அதற்கு வேறு வேலை செய்ய வேண்டும்.

70இல் எஞ்சின் எங்கே ஓடுகிறது?

இனி கியர் கேள்வி. வெளிநாட்டுக்காரர்கள் இதைப் பேசும்போது 110, 120இல் ஓடும் நெடுஞ்சாலையை மனதில் வைத்துப் பேசுவார்கள். நம் ஊரில் இந்த வண்டியின் உச்சமே 70. அதனால் நான் 70இல் கணக்குப் போட்டேன்.

பழைய டயரில் நான்காவது கியரில் (அது நேர் 1.0) எஞ்சின் சுமார் 2,030 ஆர்பிஎம். ஐந்தாவது 0.8, அதில் 1,625. பெரிய டயரில் நான்காவதில் 1,895, ஐந்தாவதில் 1,515. இந்த எஞ்சினுக்கு உண்மையான முறுக்கு வருவது 1,800 வாக்கில். அதாவது ஐந்தாவது கியர் சிங்கப்பூரில் இந்த வண்டிக்கு முதலிலிருந்தே சமதரையில் காலியாகப் போகும்போது மட்டும் உதவுகிற கியர். டயர் மாற்றியதால் அதில் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. லோடோடு போகும்போது நான்கில் வைத்தால், பெரிய டயரோடும் எஞ்சின் தன் நல்ல இடத்தில்தான் இருக்கிறது.

நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் 25 சதவீத இடைவெளி. 7.3 என்பது அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஓடுகிற வண்டியில் இந்த அளவு குறைபாட்டை டிரைவரின் இடது கை சரிசெய்துவிடும். ஒரு கியர் கீழே போட்டால் முடிந்தது.

கை செல்லாத இடம் ஒன்று உண்டு. முதல் கியருக்குக் கீழே கியர் கிடையாது. ரிவர்ஸுக்கும் கிடையாது. பெரிய டயரின் உண்மையான வலி அங்கேதான். அந்தக் கண்டோவில் லோடோடு பேஸ்மென்டிலிருந்து ரிவர்ஸில் மேலே வந்து திரும்ப வேண்டும். அங்கே போகிற ஒவ்வொரு சதவீதத்தையும் கிளட்ச் பிளேட்தான் தேய்ந்து ஈடுகட்டுகிறது. “4எல் போட்டுக்கோங்கன்னு சொன்னேன், அண்ணன் கேக்கல” என்றான் மகன். 4எல் என்றால் நான்கு சக்கரத்தையும் சேர்த்து, எல்லா கியரையும் இன்னும் கீழே இறக்கிவிடும் நிலை. அண்ணன் கேட்காதது நல்லதாயிற்று. இந்த வகை வண்டியில் காய்ந்த கான்கிரீட்டில் முன்னையும் பின்னையும் பூட்டிக்கொண்டு ஸ்டியரிங்கை ஒடித்தால், நான்கு சக்கரமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். 4எல் சேற்றுக்கு உரியது.

ஹோஸ்

மிச்சம் எங்கே போகிறது என்று தேட அரை நாள் பிடித்தது. பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று நான்கு சக்கரத்தையும் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தேன். இல்லை. ஏர் ஃபில்டர் அழுக்கு, ஆனால் அதற்காக இவ்வளவு இராது. பிறகு மண் மூட்டை முப்பதை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போனோம். நான் பின்னால் வேறு வண்டியில். மேட்டில் அண்ணன் மிதித்தபோது சைலன்சரிலிருந்து கறுப்பாக வந்தது. டீசல் போகிறது, காற்று போதவில்லை.

டர்போ அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. மேலிருந்து பார்த்தால் குழாய் நன்றாகத்தான் இருந்தது. கழற்றிக் கையில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி வளைத்தபோது கிளிப்புக்குப் பக்கத்தில் ஒரு வாய் திறந்தது. இரண்டு விரல்கடை நீளம், கத்தியால் கீறியது போல. சும்மா நிற்கும்போது மூடியிருக்கும். டர்போ காற்றை அழுத்தியதும் திறந்துகொள்ளும். டயர் மாற்றியதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ரப்பருக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். டயர் மாறிய சமயத்திலேயே இதுவும் கிழிந்ததால் பழி முழுவதும் டயர் மேல் விழுந்துவிட்டது.

புதுக் குழாய் தொண்ணூறு வெள்ளி. போட்டு, அதே முப்பது மூட்டையோடு அதே மேடு. வண்டி மூன்றாவது கியரிலேயே ஏறிவிட்டது. அண்ணன் இறங்கி வந்து ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே எனக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தார்.

ஆனாலும் கியர் போடலாமா?

குழாய் மாற்றிய பிறகும் ரிவர்ஸில் கஷ்டம் இருந்தது. அந்தப் பத்து மூட்டை பொய்யில்லை. எனவே மகன் கேட்ட கேள்வி இன்னும் உயிரோடு இருந்தது. அவன் மூஞ்சியைப் பார்த்து நானும் நேர்மையாக யோசித்தேன்.

கியர் மாற்றுவது என்றால் பின்பக்கம் மட்டும் மாற்றிவிட்டுப் போக முடியாது. பின்னால் 4.556, முன்னால் 4.100 என்று விட்டுவிட்டு ஒரு நாள் நான்கு சக்கரத்தையும் சேர்த்தால், பின் ஆக்சில் ஒரு வேகத்திலும் முன் ஆக்சில் 11 சதவீதம் வேறொரு வேகத்திலும் சுற்றப் பார்க்கும். ஏதாவது ஒன்று உடையும் வரை. ஆகவே இரண்டு டிஃப், இரண்டு செட் கிரவுன் பினியன், எல்லா பேரிங்கும் சீலும்.

விலையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேலையின் நுணுக்கம். கிரவுனும் பினியனும் பிறக்கும்போதே ஜோடி. ஒன்றோடு ஒன்று தேய்த்துப் பழக்கி அனுப்பப்பட்டவை, பிரிக்கக் கூடாது. பினியன் எவ்வளவு உள்ளே உட்கார வேண்டும் என்பதை ஷிம் என்னும் மெல்லிய தகடுகளால் சரிசெய்ய வேண்டும். இரண்டுக்கும் நடுவில் விடும் ஆட்டம் ஒரு மி.மீட்டரில் ஐந்தில் ஒன்றுக்கும் கீழே. டயல் கேஜ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அப்புறம் பல்லில் வர்ணப் பேஸ்ட் தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா, நுனியிலா, வேரிலா என்று பார்த்து, சரியில்லையென்றால் மறுபடி கழற்றி ஷிம் மாற்றி... நான் செய்த முதல் டிஃப் நான்கு முறை கழன்றது. சரியாக உட்காராத டிஃப் 50க்கு மேல் ஊ என்று ஊளையிடும். வாடிக்கையாளர் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்வார், ஆறு மாதத்தில் பல் போய்விடும். சரியாக உட்கார்ந்தாலும் முதல் சில நூறு கிலோமீட்டர் லோடு ஏற்றாமல், நடுநடுவே ஆறவிட்டு ஓட்டி, எண்ணெயை மாற்ற வேண்டும். மண் சுமக்கும் வண்டிக்கு யார் அந்த ஓய்வைக் கொடுப்பார்கள்?

ஜொகூரில் ஹாஃப் கட் (பாதியாக வெட்டிய பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும்) கடைகளில் முழு டிஃப்பாகவே கிடைக்கும், கழற்றி மாட்டினால் போதும் என்றான் மகன். உண்மைதான். ஆனால் அது முன்பு எந்தச் சேற்றைத் தின்றதென்று யாருக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கியர், எஞ்சினுக்குத்தான் மருந்து. பிரேக்குக்கு இல்லை. சக்கரம் பெரிதானால் அதை நிறுத்தவும் அதே விகிதத்தில் கூடுதல் பிடி வேண்டும். எந்த ஆக்சில் கியரும் அதைத் திருப்பித் தராது. மேலும் இந்த 265 சேற்று டயர் எங்கள் தராசில் ஒன்று 23 கிலோ, பழையது 16. ஒவ்வொரு மூலையிலும் ஏழு கிலோ, அதுவும் சுற்றுகிற எடை. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் முன் டயர் உள் மட்கார்டில் உரசிய தடம் வேறு. பேஸ்மென்ட் வாசலின் உயரத் தடுப்பில் ஏணி ஸ்டாண்டு கீறியதும் இந்த டயர் வந்த பிறகுதான். வண்டி 27 மி.மீ. உயர்ந்திருக்கிறதல்லவா. 285 போட்டால் 42.

சட்டப் பக்கம் சுருக்கமாக: டயர் மட்கார்டைத் தாண்டி வெளியே நீட்டக் கூடாது, வண்டி தாங்க வேண்டிய எடைக்குக் குறைந்த டயராகவும் இருக்கக் கூடாது. ஆக்சில், கியர்பாக்ஸ் பக்கம் கை வைக்கும் எந்த வேலையானாலும் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுத்தான் நான் ஸ்பேனரை எடுப்பேன். இன்ஸ்பெக்‌ஷனில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை.

என் பக்கத்தில் நான் வைத்திருக்கும் அளவுகோல் இது. ஐந்து சதவீதத்துக்குள் என்றால் கியரைப் பற்றிப் பேசவே வேண்டாம். பத்தைத் தாண்டி, லோடும் சுமந்து, மேனுவலாகவும் இருந்தால் கியர் மாற்றாமல் டயர் போடுவது கிளட்சுக்குச் செய்யும் துரோகம். குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் ஓடும் பிக்கப்புக்கு 285 டயரும் 4.556ம் சேர்த்துப் போட்டதில் நானும் கை கொடுத்திருக்கிறேன். அது தினமும் சேற்றில்தான் வாழ்கிறது, அதற்கு அது சரி. நடுவிலிருக்கும் ஐந்து முதல் பத்து வரைதான் சண்டை. அங்கே சதவீதத்தை விட்டுவிட்டு, வண்டி தன் நாளை எங்கே கழிக்கிறது என்று கேட்பேன். இந்த வண்டி தன் நாளைப் பேஸ்மென்ட் சாய்தளத்தில் கழிக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் கழிப்பது வருடத்துக்கு நான்கு ஞாயிறு.

“அப்ப டயரைத்தான் மாத்தணுமா?” என்றான் மகன். குரலில் சுரத்தே இல்லை.

245/75 ஆர்16 என்று ஓர் அளவு இருக்கிறது. உயரம் 773.9 மி.மீ., பழையதைவிட 3.3 சதவீதம்தான் கூடுதல். அதே ரிம்மில் உட்காரும், மட்கார்டில் உரசாது. சேற்றுக்கும் சாலைக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் வகையாகப் போட்டால் எடையும் குறையும். 70இல் நான்காவது கியரில் 1,970 ஆர்பிஎம். மீட்டர் 70 காட்டும்போது உண்மையில் 68. மூட்டைக் கணக்கில் பத்து மூட்டை நாலரை மூட்டையாகிறது. தரையிலிருந்து அவனுக்கு 12 மி.மீ. உயரம் மிச்சம். “பன்னெண்டு மி.மீ. வெச்சு நான் என்னண்ணே பண்றது?” என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பள்ளத்தில் வயிறு தட்டினால் தட்டத்தான் செய்யும்.

மாமா, “டேய், மண்ணு சுமக்கிற வண்டிடா இது” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

மூன்று மாதம் கழித்து

265 ஐந்தும் ஸ்பேரோடு சேர்த்துக் கூலாய்க்காரர் ஒருவருக்குப் போயின. பாதி விலைகூட வரவில்லை என்று மகனுக்கு வருத்தம். டீசல் நோட்டில் இப்போது லிட்டருக்கு 9.8 இருக்கிறது. மீட்டர் பிழையைச் சேர்த்தால் 10.1. பழைய 10.2க்கும் இதற்கும் இருக்கும் வித்தியாசத்தை ஏர்கான் தின்றிருக்கலாம், நான் அதைத் துரத்தப் போவதில்லை. பேஸ்மென்டில் ரிவர்ஸ் இப்போது ஒரே மூச்சில் வருகிறதாம்.

கிளட்ச்தான் தப்பவில்லை. போன வாரம் நான்காவது கியரில் 40இல் முழுதாக மிதித்துப் பார்த்தேன். ஆர்பிஎம் மட்டும் துள்ளியது, வண்டி பின்னாலேயே நின்றது. பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் ஆர்டர் போட்டிருக்கிறேன். கியர்பாக்ஸை இறக்குகிற அன்றைக்கே டிஃப் எண்ணெயையும் மாற்றிவிடச் சொல்லியிருக்கிறார் மாமா.